அவகாசமும் உரிமையும்

சென்ற மாதத்தில் ஒருநாள் மாலை, எங்கள் கோபாலபுரத்தில் அடுத்த தெருவில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், நான்காக மடித்த தாளொன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டிற்கு வந்தார். தென்னந்தோப்புகளில் தேங்காய் பொறுக்கியும் கடலைக்காட்டில் களை எடுத்தும் பிள்ளைகளை வளர்த்தவர். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தாளில் இருந்தது மலையாளத்தில் அச்சிட்ட அறிவிப்பு. அவருடைய மாமனார் பெயரில் இருந்த சிறு நிலத்திற்கு, கணவரின் அண்ணன் குடும்பத்தார் வாரிசுச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்திருந்தனர். வாரிசுகளின் பட்டியலில் இந்தத் தாயின் பெயரும் இல்லை. அவருடைய பிள்ளைகளின் பெயர்களும் இல்லை. ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பு கூறியது. அதில் இருபத்தாறு நாட்கள் கழிந்திருந்தன.

ஏனம்மா இத்தனை நாள் காட்டவில்லை என்று கேட்டேன். "பேரன்தானுங்க படிச்சுப் பார்த்தான். அவகாசம்னு போட்டிருக்குது ஆத்தா, நமக்கு அவகாசம் இருக்குதுன்னு சொன்னான். அதான் தம்பி, மெதுவாப் பார்த்துக்கலாம்னு இருந்துட்டனுங்க" என்றார்.

பேரன் பொய் சொல்லவில்லை. அந்தச் சொல் அங்கே அப்படியேதான் இருந்தது. தமிழில் அவகாசம் என்றால் காலம், தவணை. மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று பொருள். அவகாசிகள் என்றால் உரிமையுடையோர், வாரிசுகள். பையன் பள்ளியில் மலையாள எழுத்துகளைக் கற்றிருக்கிறான். எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறது. பொருளை மட்டும் வீட்டில் பேசும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டான். உரிமை என்று எழுதியிருந்த இடத்தில், நேரம் இருக்கிறது என்று ஒரு குடும்பம் புரிந்துகொண்டது. உரிமையைக் கேட்பதற்குரிய நேரம் அதனாலேயே கரைந்துகொண்டிருந்தது.

நான் தமிழில் முதுகலை படித்தவன். கட்சியின் ஆவணங்களையும் கட்டுரைகளையும் ஆங்கிலத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் தமிழுக்குக் கொண்டுவருவது என் பணி. மனதுக்குப் பிடித்த எழுத்தாளர்களைப் பற்றி எழுதுங்கள் என்று இதழின் ஆசிரியர் குழுத் தோழர்கள் சில காலமாகவே கேட்டு வருகின்றனர். எழுத உட்கார்ந்தபோது, என் அலமாரியில் உள்ள நூல்களையும் அந்தத் தாயின் கையிலிருந்த தாளையும் பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோடு விழுந்த நிலம்

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் சோதனைச்சாவடி என்ற அளவில்தான் கோபாலபுரத்தைப் பலரும் அறிவர். எங்கள் சித்தூர் வட்டத்தின் வரலாறு சற்றே விந்தையானது. சுற்றிலும் இருந்த மலபார் பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருக்க, சித்தூர் மட்டும் கொச்சி சமஸ்தானத்தின் தனித்துண்டாக இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் ஒன்றாகிக் கேரளம் பிறந்தது. ஆனைமலையிலிருந்து இறங்கும் ஆழியாற்று நீர் கலந்து ஓடும் எங்கள் ஆற்றைச் சித்தூரில் சோகநாசினி என்பார்கள். மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தை அந்த ஆற்றங்கரையில்தான் கழித்தார் என்பது மரபு. அதே சித்தூரின் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் உண்டு. தமிழ்நாட்டு மலையில் பெய்த மழை, மலையாளத் தந்தையின் மடத்தைத் தொட்டுக்கொண்டு பாரதப்புழையில் சேர்கிறது.

அந்த நீருக்கும் ஒரு தாள் உண்டு. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது. 1958 முதல் நடைமுறையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் சித்தூர்ப் புழைக்கு விடப்பட வேண்டும் என்பது அதன் ஷரத்து. ஒவ்வொரு கோடையிலும் அந்த எண்ணை இங்குள்ள நெல் விவசாயி வாய்ப்பாடுபோல் சொல்வார். அவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ். அப்பால் பொள்ளாச்சியில் நீரின்றி வாடும் தென்னை விவசாயியும் தமிழர்தான். ஆகவே "தமிழ்நாடு நீர் தரவில்லை" என்றோ "கேரளம் நீரைப் பறிக்கிறது" என்றோ சிலர் முழங்கும்போது, எங்களூர்க்காரர்களுக்கு எந்தப் பக்கம் நின்று கைதட்டுவது என்று தெரிவதில்லை.

மொழிவழி மாநிலங்களுக்காகப் போராடிய இயக்கம் நம்முடையது. மக்களின் மொழியிலேயே ஆட்சி நடக்க வேண்டும், அப்போதுதான் உழைக்கும் மனிதன் அரசு அலுவலகத்தின் படியில் தலைநிமிர்ந்து ஏறுவான் என்பது அந்தக் கோரிக்கையின் உயிர்நாடி. ஆனால் கோட்டை எங்கே கிழித்தாலும் சிலர் மறுபுறத்தில் நின்றுவிடுவார்கள். சித்தூரின் கிழக்குப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு மலைகளிலும் நின்றவர்கள் தமிழர்கள். காசர்கோட்டில் நின்றவர்கள் கன்னடர்கள். இது எதிர்பாராததன்று. அதனால்தான் 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம், தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்ற 350–அ பிரிவை அரசியல் சட்டத்தில் சேர்த்தது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும், துறைத் தலைமைகளுடனும், சிறுபான்மைப் பகுதிகள் என அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுடனும் தம் மொழியிலேயே எழுத்துப்போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. அவர்களுக்கான பதிலும் அம்மொழியிலேயே இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். அந்தத் தாயின் கையிலிருந்த தாளுக்கு அது தெரியாது.

சுடலைமுத்துவின் நெடும்பயணம்

மலையாள எழுத்தாளர்களில் நான் அதிகம் திரும்பத் திரும்பப் படிப்பது தகழி சிவசங்கரப் பிள்ளையை. அவருடைய 'செம்மீன்' 1956இல் வந்து, 1962இல் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. ஆனால் அதற்கும் முன்னால், 1947இல், தகழி எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலே என் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஆலப்புழை நகரின் மலம் அள்ளும் தொழிலாளர்களின் மூன்று தலைமுறைக் கதை அது. முதியவர் இசக்கிமுத்து, அவர் மகன் சுடலைமுத்து, பேரன் மோகனன்.

இசக்கியும் சுடலையும் எந்த ஊர்த் தெய்வங்கள் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தின் ஒரு நகரைச் சுத்தமாக வைத்திருப்பதற்காகத் தெற்கேயிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் அவர்கள். மலையாளத்தின் மாபெரும் எழுத்தாளர் ஒருவர், தம் மொழி பேசாத, தம் நகரம் தொடக்கூட மறுத்த மனிதர்களை நாவலின் நாயகர்களாக்கினார். தன் மகன் இந்த வாளியைத் தூக்கக்கூடாது என்ற ஏக்கத்தில், சுடலைமுத்து தனியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். அதற்காகச் சக தொழிலாளர்களின் சங்கத்தையே காட்டிக்கொடுக்கிறான். காலரா அவனைக் கொண்டுபோகிறது. மகனும் அதே வேலைக்கு வந்து நிற்கிறான். ஆனால் அவன் தனியாகத் தப்பிக்க நினைப்பவனல்லன். வர்க்க உணர்வு எப்படிப் பிறக்கிறது என்பதை வகுப்பெடுக்கும் தோழர்களுக்கு, எந்த விளக்கவுரையைவிடவும் இந்நாவலை நான் பரிந்துரைப்பேன்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இடதுசாரி இயக்கத்திற்கு அருகிலிருந்த தம் இளமைக் காலத்திலேயே சுந்தர ராமசாமி இதை மொழிபெயர்த்துவிட்டார். நூல்வடிவில் தமிழில் வெளிவந்தது 2000ஆம் ஆண்டில். அதாவது, தமிழ்த் தொழிலாளியின் கதை மலையாளத்தில் எழுதப்பட்டு, தமிழில் ஒரு புத்தகமாகத் திரும்பி வர ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை சுடலைமுத்துகள் தம் கதை எழுதப்பட்டதையே அறியாமல் மறைந்திருப்பார்கள்?

எங்கள் பாலக்காட்டின் தஸ்ராக் கிராமத்தைக் கசாக் ஆக்கிய ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' 1969இல் வந்தது. யூமா வாசுகியின் தமிழாக்கத்திற்கு 2017ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. விஜயன் நம் இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தவர். ஆயினும் கரும்பனைகளின் மேல் வீசும் எங்களூர்க் காற்றை அவரைப்போல் எழுதியவர் இல்லை. நம்மை விமர்சித்தவர்களை நாம் படிக்காமல் விட்டால் இழப்பு அவர்களுக்கில்லை.

தேயிலையின் வழி

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் வைத்து 1969இல் ஒரு நாவலை எழுதினார். வெள்ளையர் காலத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் காட்டி அழைத்துச் செல்லப்பட்ட மக்கள், அந்தக் கடனை அடைக்க முடியாமலே காய்ச்சலிலும் பனியிலும் மடிந்த கதை. ஆனால் நாவல் ஆங்கிலத்தில் இருந்தது. அதை 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தது 2007இல். இங்கேயும் முப்பத்தெட்டு ஆண்டுகள். எந்தக் கங்காணியின் ஏட்டில் தம் தாத்தாவின் பெயர் எழுதப்பட்டதோ, அந்தப் பேரப்பிள்ளைகள் படிக்கும் மொழியில் நூல் வருவதற்குள் தோட்டத்தில் இரண்டு தலைமுறை மாறிவிட்டது.

டி. செல்வராஜின் 'தேநீர்' தமிழிலேயே எழுதப்பட்டது. திண்டுக்கல் தோல்பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய 'தோல்' நாவலுக்காக 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்தத் தோழரின் 'தேநீர்', தோட்டத் தொழிலாளியை இரக்கத்திற்குரிய பொருளாக மட்டும் பார்க்காமல், சங்கம் அமைக்கும் மனிதனாகப் பார்த்தது. எழுத்தாளர் கையில் பேனாவும் வழக்கறிஞர் அங்கியும் ஒருசேர இருந்ததன் பயன் அது.

இவற்றையெல்லாம் படித்திருந்தும் 2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்ததைக் கண்டு நாம் ஏன் திகைத்தோம்? முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, கண்ணன்தேவன் மலைகளில் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் நகரச் சாலையில் அமர்ந்தார்கள். அன்று அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். 500 ரூபாய் கேட்டார்கள். ஒன்பது நாட்களில் 20 விழுக்காட்டைப் பெற்றார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இன்றும் வியப்பூட்டும் பெயர் அது. 'பெம்பிளை' என்பதில் எங்கள் 'பொம்பளை' ஒலிக்கிறது. 'ஒருமை' என்பது தமிழ் இலக்கணத்தில் ஒன்றைக் குறிக்கும் எண், மலையாளத்தில் ஒற்றுமை. இரண்டு மொழிகளிலும் காலூன்றி நின்ற பெயர்.

அந்தப் பெண்கள் ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி என எந்தச் சங்கத்தின் தலைவர்களையும் தம் போராட்டத்தில் ஏற்கவில்லை. வயது முதிர்ந்த தோழர் வி.எஸ். அச்சுதானந்தன் சென்று உடன் அமர்ந்தபோது வரவேற்றார்கள். இதைச் சுற்றி அன்று எழுதப்பட்ட அறிக்கைகளில் பலவற்றை நான் மொழிபெயர்த்தேன். அந்நியத் தூண்டுதல் உண்டா, பின்னணியில் யார் என்ற ஆராய்ச்சிகள் அவற்றில் இருந்தன. லயத்தில் கழிப்பறை இல்லாதது, கொழுந்து மூட்டையைச் சுமந்து தேய்ந்த முதுகெலும்பு, பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பெண்கூட இல்லாதது ஆகியவை பின்பக்கத்தில் ஓரிரு வரிகளாக இருந்தன. டேனியலும் செல்வராஜும் முன்பக்கத்தில் எழுதியவற்றை நாம் பின்பக்கத்தில் எழுதினோம். இதைக் குறை சொல்லும் நோக்கத்தில் எழுதவில்லை. அந்த அறிக்கைகளைத் தமிழாக்கிய கை என்னுடையது என்பதால் எனக்கும் பங்குண்டு.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது உயிர்கள் போயின. அவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறுப் பக்கம் உறவினர்கள் உண்டு. நூற்றாண்டு காலமாக அந்த மலையில் உழைத்த மக்களுக்குத் தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லை. வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். கேரளத்தின் நிலச்சீர்திருத்தம் குத்தகை விவசாயிகளுக்கு நிலத்தைத் தந்தது. அது நம் இயக்கத்தின் பெருமை. தோட்ட நிலங்களுக்கு விதிவிலக்குத் தரப்பட்டது. அந்த விதிவிலக்கிற்குள்தான் லயங்கள் இருக்கின்றன. அங்கே இன்னமும் 'அவகாசம்' தமிழ்ப்பொருளில்தான் வழங்குகிறது: பொறுத்திருங்கள், நேரம் இருக்கிறது.

நமக்குள்ளே கிடக்கும் கோடு

மொழிச் சிறுபான்மை என்று பேசும்போது ஒரே குரலில் பேசிவிடும் ஆபத்தும் உண்டு. எங்களுக்கு அருகிலுள்ள முதலமடைப் பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில், சக்கிலியர் சமூகத்து மக்கள் தாங்கள் தீண்டாமைக்கு உள்ளாவதாக 2017இல் குரல் எழுப்பினர். தேநீர்க்கடையில் வேறு குவளை, குழாயடியில் வேறு வரிசை என்று அவர்கள் சொன்ன புகார்கள் கேரளம் முழுதும் செய்தியாயின. சொன்னவர்கள் பேசுவது தமிழ். யாருக்கு எதிராகச் சொன்னார்களோ அவர்கள் பேசுவதும் தமிழ்.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவலைக் கொங்கு நாட்டின் வறண்ட மேய்ச்சல்காட்டுக் கதையாக மட்டும் படித்திருந்த தோழர் ஒருவர், கோவிந்தாபுரம் செய்திக்குப் பின் அதை மீண்டும் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இது நம் ஊர்க் கதை, தோழர்." ஆடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்ட சிறுவர்கள் அதில் விளையாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அடிபடுகிறார்கள். பண்ணைக்காரரும் அவர்களும் ஒரே மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த மொழிக்குள்ளேயே யார் யாரை எப்படி விளிப்பது என்பதில் சாதி குந்தியிருக்கிறது. எல்லையில் தமிழர் உரிமை கேட்டு மனு எழுதும் நாம், அந்த மனுவில் அம்பேத்கர் காலனியின் கையெழுத்து முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத மனு, தமிழில் எழுதப்பட்ட மேட்டுக்குடி மனுவாகவே இருக்கும்.

பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையையும் நினைத்துக்கொள்கிறேன். 2000இல் கோக்க கோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று ஆதிவாசி மக்கள் போராட்டப் பந்தலில் அமர்ந்தனர். 2004இல் ஆலை மூடப்பட்டது. தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் மயிலம்மா சொன்ன சாட்சியம் மலையாளச் செய்தியாகி, பின் ஆங்கில அறிக்கையாகி உலகெங்கும் சென்றது. 216 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2010இல் உயர்மட்டக் குழு கணக்கிட்டது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டவில்லை. 2007இல் மறைந்த மயிலம்மா அந்தக் கணக்கையும் பார்க்கவில்லை. அவருடைய சொற்கள் டெல்லிவரை மொழிபெயர்ந்து போயின. டெல்லியின் பதில் பிளாச்சிமடையின் பேச்சுக்கு இன்னும் மொழிபெயர்ந்து வரவில்லை.

ஒரு தோழரின் கேள்வி

இந்தக் கட்டுரையின் கருத்துகளைச் சித்தூர்த் தோழர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: "கேரளத்தில் வாழ்பவர்கள் மலையாளம் கற்றுக்கொள்வதுதானே வழி? தனித்தமிழ்ப் பேச்சு தொழிலாளியைப் பிரித்துவிடாதா? எல்லைக்கு அப்பால் இருக்கும் சில தமிழ்வெறியர்கள் தேவிகுளம், பீர்மேட்டைத் திருப்பிக் கொடு என்று கூவுவதற்கு இது தீனி போடாதா?"

நியாயமான கேள்வி. முதல் பகுதிக்கு என் பதில்: மலையாளம் அவசியம் கற்க வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்புவரை பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பேரன் அப்படித்தான் எழுத்துகளைக் கற்றான். ஆனால் தன் மொழியில் உறுதியாக நிற்காத பிள்ளைக்கு இரண்டாம் மொழி எழுத்துகளாக மட்டுமே சேர்கிறது, பொருளாகச் சேர்வதில்லை என்பதற்கும் அவனே சாட்சி. தமிழில் 'அவகாசம்' என்ன, மலையாளத்தில் என்ன என்று இரண்டையும் அருகருகே வைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைத்திருந்தால், பாட்டியின் நிலத்திற்கு அவனே காவலனாகியிருப்பான். விலாசினியின் 'அவகாசிகள்' மலையாளத்தின் மிக நீண்ட நாவல். சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. தலைப்பைப் பார்த்து, நேரம் மிச்சமுள்ளவர்களின் கதை என்று ஒரு தமிழ் மாணவன் எண்ணினால், தவறு அவனுடையதா?

இரண்டாம் பகுதிக்கு லெனினே பதில் சொல்லியிருக்கிறார். கட்டாய ஆட்சிமொழி தேவையா என்ற வினாவை 1914இல் அவர் எடுத்துக்கொண்டார். பெரிய மொழியின் மீது அவருக்குப் பகை இல்லை; அதை எல்லோரும் கற்கும் வாய்ப்பைப் பெற வேண்டும் என்றே விரும்பினார். கட்டாயப்படுத்துவதே வெறுப்பை வளர்க்கிறது, மொழிகளின் முழுச் சமத்துவமே தொழிலாளர்களை நெருங்கச் செய்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எல்லைக்கு அப்பால் கூவுவோருக்குத் தீனி எங்கிருந்து கிடைக்கிறது? தாளைப் படிக்க இயலாமல் நிலத்தை இழக்கும் தாயிடமிருந்துதான். அவர் கையில் தமிழ்த்தாள் இருந்தால் அந்தக் கூச்சலுக்குக் காது கொடுக்க இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். எங்களுக்குக் கோட்டை நகர்த்த வேண்டியதில்லை. கோட்டின் இந்தப் பக்கத்தில் சட்டம் ஏற்கெனவே எழுதிவைத்திருப்பது நடந்தால் போதும்.

செய்யக் கூடியவை

நம் இயக்கமே மொழிபெயர்ப்பில் பிறந்த இயக்கம். 1848இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கை, 1931இல் 'குடி அரசு' ஏட்டில் தமிழ் பேசத் தொடங்கியது. தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய கார்க்கியின் 'தாய்' எத்தனை பேரைக் கட்சிக்குக் கொண்டுவந்தது என்று கணக்கெடுக்க முடியாது. என்னைக் கொண்டுவந்தது அதுதான். சிறையில் இருந்தபடி தியாகு 'மூலதன'த்தை மொழிபெயர்த்தார். இந்த முன்னோர்களின் மரபில் வந்த நாம், பெரும் நூல்களோடு சிறு தாள்களையும் மொழிபெயர்க்க வெட்கப்படக்கூடாது. எனக்குத் தோன்றும் சில பணிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எல்லைப்பகுதிக் கிளைகளில் வாரத்தில் ஒரு மாலை, அலுவலகத் தாள்களைப் படித்துச் சொல்ல ஒரு மேசை. இரு மொழியும் அறிந்த ஒரு தோழரும் ஒரு விளக்கும் போதும். தாளுடன் வருபவர் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறார் என்று அங்கே கேட்கக்கூடாது.

இரண்டாவது, ஒரு சொற்பட்டியல். அவகாசம், சங்கடம் என்று ஒரே உருவும் வெவ்வேறு பொருளும் கொண்ட சொற்களை, குறிப்பாக வருவாய்த்துறை, ரேஷன், ஓய்வூதியப் படிவங்களில் வருபவற்றை, இரு பத்தியாக அச்சிட்டுப் பள்ளிகளுக்கும் சங்க அலுவலகங்களுக்கும் கொடுக்கலாம். இதைத் தொகுக்கும் வேலையை நான் தொடங்கிவிட்டேன். மூணாறு, பீர்மேட்டுத் தோழர்கள் தம் பகுதிச் சொற்களை எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

மூன்றாவது, நூலகம். கிராமம்தோறும் வாசகசாலை என்பது கேரளம் நாட்டுக்கே கற்றுத்தந்த பாடம். எல்லைப்பகுதி வாசகசாலைகளில் தமிழ் அடுக்கு எப்படி இருக்கிறது என்று நம் தோழர்கள் சென்று பார்க்க வேண்டும். நான் செல்லும் ஒன்றில், இருபது ஆண்டுக்கு முந்தைய போட்டித்தேர்வு வழிகாட்டிகளே தமிழ் அடுக்கில் மிகுதி. 'தேநீர்', 'எரியும் பனிக்காடு', 'தோட்டியின் மகன்', 'கூளமாதாரி' ஆகிய நான்கும் அங்கு இருக்க வேண்டும். அவற்றின் நாயகர்களின் பேரப்பிள்ளைகள் அந்த வாசகசாலையின் வாசலில்தான் விளையாடுகிறார்கள்.

நான்காவது, இது இருவழிச் சாலையாக வேண்டும். மலையாளத்திலிருந்து நாங்கள் மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமிழிலிருந்து மலையாளத்திற்குத் தொழிலாளர் இலக்கியம் செல்ல வேண்டும். தோட்டத்துப் பெண்ணின் கோரிக்கையை மலையாளத் தோழர் நேரே அவள் சொற்களில் கேட்டுப் புரிந்துகொண்டால், 2015இல் நேர்ந்த திகைப்பு இன்னொரு முறை நேராது.

கடைசியாக அந்தத் தாயின் செய்தி. காலஞ்சென்ற மகனின் மனைவியும் பிள்ளைகளும் சட்டப்படி முதல்நிலை வாரிசுகள். அதைக் குறிப்பிட்டு ஆட்சேப மனுவைத் தமிழில் எழுதினோம். அவருடைய பேரனே அழகான கையெழுத்தில் எழுதினான். மலையாளத்தில் ஒரு படியும் நான் சேர்த்துக்கொடுத்தேன். இருபத்தெட்டாம் நாள் மூவருமாகச் சென்றோம். மேசையிலிருந்த எழுத்தர் தமிழ்த்தாளை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பணிவாக நினைவூட்டினேன். அவர் உள்ளே சென்று கேட்டுவந்து, முத்திரை வைத்து ஒப்புகைச் சீட்டைத் தந்தார். திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "மாமா, இனி நமக்கு அவகாசம் இருக்குதுங்களா?" எந்த மொழியில் கேட்கிறாய் என்று நான் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "ரெண்டுலயும்தானுங்க" என்றான்.

மனுவிற்குப் பதில் இன்னும் வரவில்லை. வரும்போது அது எந்த மொழியில் வருகிறது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு எழுதுவேன்.